குளிர் மட்டும் போதாது!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



மலருக்கு எழுதித் தருகிறேன் என்று போனபோது, "கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே நாற்பது கிடக்கு" என்றார் மன்றச் செயலாளர். பிழைத்தீர்கள்! எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்த ஒரே சரக்கு ஐஸ். ஆகவே ஐஸைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. தண்ணீர் எத்தனை டிகிரியில் உறையும்?

"இதென்ன கேள்வி? பூஜ்யம் டிகிரி" என்பீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அதைத்தான் சொல்லும். ஐஸ் உருகுவது பூஜ்யத்தில், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீர் பூஜ்யத்தில் உறைந்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மேகத்தில் இருக்கும் சின்னஞ்சிறு துளி மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரியிலும் தண்ணீராகவே மிதந்துகொண்டிருக்கும். மிகச் சுத்தமான துளி மைனஸ் 38 டிகிரி வரைகூட உறையாமல் தாக்குப்பிடிக்கும். இதை மீக்குளிர்ந்த நீர் என்கிறார்கள். ஃபாரன்ஹீட் டிகிரி என்கிறோமே, அந்த ஃபாரன்ஹீட்தான் 1720களிலேயே இதைக் கவனித்து எழுதி வைத்தவர்.

ரெஃப்ரிஜரேஷன் வகுப்பில் சார் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, "இது சிலபஸில் இல்லை" என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். பையன்களும் விட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் விட முடியவில்லை. காரணம் இருக்கிறது.

என் அப்பா தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். படகுக்குப் போகும் ஐஸ் பார்கள் அங்கேதான் தயாராகின்றன. பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அமோனியா குழாய்கள் அதைப் பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 10 டிகிரி பக்கம் குளிர்விக்கும். நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை வரிசையாக அதற்குள் இறக்கி வைப்பார்கள். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் போனால் பார் ரெடி. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். முதல் வருடம் லீவுக்குப் போனபோது, "ஏல, உங்க காலேஜில ஐஸு எப்படிச் செய்யுதுன்னு சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். நான் படித்ததை ஒப்பித்தேன். அப்பா கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "குளுர உள்ள விடுததுன்னு சொல்லாத. தண்ணிக்குள்ள இருக்க சூட்ட வெளிய எடுக்கணும். அம்புட்டுதான் இந்தத் தொழிலு."

நண்பர்களே, இரண்டு செமஸ்டர் பாடம் இந்த ஒரு பேச்சில் அடக்கம்! துளி உறையும் கதைக்கும் இதுதான் சாவி. பின்னால் பார்ப்போம்.

ஏன் உறைவதில்லை?

தண்ணீர் ஐஸாக வேண்டுமென்றால் அதன் மூலக்கூறுகள் ஆறு மூலை அமைப்பில் வரிசை கட்டி நிற்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போனதும் அங்கங்கே நாலைந்து மூலக்கூறுகள் சேர்ந்து வரிசை கட்டத்தான் பார்க்கும். ஆனால் கூட்டம் சிறிதாக இருக்கும்வரை அது நிலைக்காது. சேர்ந்த வேகத்திலேயே கலைந்துவிடும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டி வளர்ந்துவிட்டால்தான் பிழைக்கும். பிழைத்ததும் மளமளவென்று துளி முழுக்கப் பரவும்.

அந்த முதல் கூட்டத்துக்கு ஒட்டிக்கொள்ள ஒரு இடம் கிடைத்தால் வேலை சுலபம். காற்றில் பறந்து வந்த களிமண் தூசி போதும். சில பாக்டீரியாக்கள் இன்னும் கெட்டி. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்று ஒன்று செடி இலைகளில் இருக்கிறது. அதன் மேல்தோலில் உள்ள ஒரு புரதம் மைனஸ் 2 டிகிரியிலேயே தண்ணீரை உறைய வைத்துவிடும். இப்படித் தொடக்கி வைக்கும் துகளை உறைகரு என்று சொல்லலாம்.

அப்படியென்றால் அப்பாவின் கேன் தண்ணீர் மட்டும் ஏன் ஒழுங்காக உறைகிறது? ஒரு மூட்டை அரிசியில் கல் இல்லாமல் இருக்காது. ஆனால் ஒரு பிடி அரிசியில் கல் இல்லாமல் இருக்கலாம் அல்லவா? அதே கணக்குத்தான். ஒரு கேன் தண்ணீரில் ஏதாவது ஒரு தூசி கட்டாயம் இருக்கும். கேனின் தகரமும் இருக்கிறது. மேகத்துளியோ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. எத்தனையோ துளிகளுக்கு அந்த ஒரு தூசி வாய்ப்பதே இல்லை. குளிர் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, உறைவது மட்டும் நடப்பதில்லை.

(தொட்டியில் உள்ள உப்புத் தண்ணீர் உறையாதது வேறு சங்கதி. உப்பு சேர்ந்தால் உறைநிலையே கீழே இறங்கிவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

விழும்போது நடப்பது என்ன?

குளிர்ந்த காற்றில் ஒரு துளி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேகத்துளி அளவு என்றால் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் போலத்தான் இறங்கும். அதை விழுகிறது என்று சொல்வதே கூச்சமாக இருக்கிறது! 2 மில்லிமீட்டர் மழைத்துளி என்றால் விநாடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் பாயும். எதுவானாலும் நாலு கட்டம்தான்.

முதல் கட்டம், துளி தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துக் குளிர்கிறது. காற்று உலர்ந்திருந்தால் துளியின் மேல்பரப்பு கொஞ்சம் ஆவியாகி, மண்பானைத் தண்ணீர் மாதிரி இன்னும் கூடுதலாகக் குளிரும். பூஜ்யத்தைத் தாண்டுகிறது. மைனஸ் 20க்கு வந்துவிட்டது. இன்னும் தண்ணீர்தான்.

இரண்டாம் கட்டம், உறைகரு வேலையைக் காட்டுகிறது. கண்மூடித் திறப்பதற்குள் ஐஸ் ஊசிகள் துளி முழுக்க ஓடுகின்றன. இங்கேதான் வேடிக்கை. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியே தள்ளும். அதுதான் நாம் மனப்பாடம் செய்த உள்ளுறை வெப்பம். அந்த வெப்பம் எங்கே போகும்? துளியையே சூடாக்கும். மைனஸ் 20இல் இருந்த துளி சடாரென்று பூஜ்யத்துக்கு ஏறிவிடும். உறையத் தொடங்கியதால் சூடாகிறது! ஒரு கிராமை 20 டிகிரி ஏற்ற 20 கலோரி வேண்டும். 80இல் 20 என்றால் கால் பங்கு. ஆகவே அந்த ஒரு மூச்சில் கால் பங்குதான் ஐஸாக முடியும். முக்கால் பங்கு இன்னும் தண்ணீர்.

மூன்றாம் கட்டம், அந்த முக்கால் பங்கு உறைய வேண்டுமானால் அதன் சூட்டைக் காற்று எடுத்துப்போக வேண்டும். அப்பா சொன்னது ஞாபகம் வருகிறதா? சூட்டை வெளியே எடுக்கணும்! இது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நோட்டில் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மைனஸ் 20 டிகிரிக் காற்றில் 0.1 மில்லிமீட்டர் துளிக்கு அரை விநாடிகூட ஆகாது. 2 மில்லிமீட்டர் துளிக்குப் பத்து இருபது விநாடி. அதற்குள் அது ஏறக்குறைய நூறு மீட்டர் விழுந்திருக்கும். குளிர் நாடுகளில் பனிச்சறுக்கு மைதானத்துக்கு இயந்திரத்தால் தண்ணீரைப் பொடியாகத் தெளித்துச் செயற்கைப் பனி செய்கிறார்கள். அந்தத் தெளிப்பானை உயரமான கம்பத்தில் வைப்பது இதற்காகத்தான். துளிக்கு விழ நேரம் கிடைக்க வேண்டும்.

நாலாம் கட்டம், முழுக்க உறைந்த ஐஸ்மணி காற்றின் குளிருக்கு இறங்குகிறது. அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துளியும் ஐஸ் பார் மாதிரி வெளியிலிருந்து உள்நோக்கித்தான் உறையும். முதலில் ஓடு. உள்ளே தண்ணீர். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருமன் கூடும். ஓட்டுக்குள் இடம் ஏது? சில துளிகளில் ஓடு விரிசல் விடும். சிலவற்றில் கொம்பு மாதிரி முளைக்கும். சில பட்டென்று உடைந்து சில்லுகளாகத் தெறிக்கும். தெறித்த சில்லு உறையாமல் மிதக்கும் பக்கத்துத் துளியைத் தொட்டதோ இல்லையோ, அதுவும் அங்கேயே உறையும். ஒன்று தொடங்கினால் பக்கத்தில் இருப்பவற்றுக்கும் அதுவே தொடக்கம்.

அப்பா படித்த படம்

நூலகத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகத்தில் ஆலங்கட்டியை நடுவில் அறுத்து எடுத்த போட்டோ இருந்தது. வெங்காயம் மாதிரி வளையம் வளையமாக, ஒரு வளையம் வெள்ளை, ஒரு வளையம் கண்ணாடி. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"எப்பா, இது வானத்துலேர்ந்து விழுந்த ஐஸு. ஏன் இப்படி வளையமா இருக்கு சொல்லுங்க பாப்போம்."

அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "வெள்ளையா இருக்க எடம் அவசரத்துல கட்டியானது. காத்து உள்ளயே மாட்டிக்கிட்டு. கண்ணாடியா இருக்க எடம் நின்னு நிதானமாக் கட்டியானது. காத்து வெளிய போக நேரம் கெடச்சிருக்கு. நம்ம பாரு நடுவுல வெள்ளையா இருக்கும்லா, அதே சங்கதிதான்."

புத்தகத்தில் அரைப்பக்கத்துக்கு எழுதியிருந்தது இதேதான். மீக்குளிர்ந்த துளிகள் ஆலங்கட்டியின் மேல் மோதி உடனே உறைந்தால் காற்றுக்குமிழி சிக்கி வெள்ளையாகும். மெதுவாக உறைந்தால் தெளிவாகும். ஒரு எழுத்து வாசிக்காத மனிதர் அந்தப் படத்தை வாசித்துவிட்டார். அன்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, நெஞ்சில் என்னவோ அடைத்த மாதிரியும் இருந்தது.

இதெல்லாம் வெறும் வேடிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். மீக்குளிர்ந்த துளிக்கு ஒட்டிக்கொள்ள இடம்தானே வேண்டும்? விமானத்தின் இறக்கை கிடைத்தால் அதில் உறைந்துவிடும். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரோஸ்லான் அருகே ஒரு ஏடிஆர் 72 விமானம் இப்படி இறக்கையில் பனி பிடித்து விழுந்தது. இருந்த 68 பேரும் இறந்தார்கள். அந்தத் துளிகள் சாதாரண மேகத்துளியைவிடப் பெரியவை. பனி நீக்கும் ரப்பர் உறைக்குப் பின்னால்போய் உறைந்ததுதான் வினையாகிவிட்டது. துளியின் அளவு எவ்வளவு என்பது 68 உயிர்க் கணக்காக மாறியது.

லேத் ஓட்டியவர் பெய்வித்த பனி

நம் துறை நண்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் வின்சென்ட் ஷேஃபர். 1906இல் அமெரிக்காவின் ஷெனெக்டடி நகரில் பிறந்தவர். குடும்பத்துக்குச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டி, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் இயந்திரப் பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். நம்மை மாதிரி லேத், ஃபைலிங், டூல் வேலை. அதே கம்பெனி ஆய்வுக்கூடத்தில் இர்விங் லாங்மூர் இருந்தார். 1932இல் வேதியியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். ஷேஃபரின் கைவேலையைப் பார்த்து அவரைத் தன் ஆய்வு உதவியாளராக வைத்துக்கொண்டார்.

1946இல் ஷேஃபர் செய்த சோதனை மிக எளிது. வீட்டு உபயோக ஃபிரீஸர் பெட்டி ஒன்றின் உள்ளே கறுப்பு வெல்வெட் ஒட்டி, ஒரு விளக்கு வைத்து, அதற்குள் மூச்சு விடுவார். மூச்சு மீக்குளிர்ந்த துளிகளாகி மேகம் மாதிரி நிற்கும். அது உறைய வேண்டுமே! என்னென்னவோ பொடிகளைத் தூவிப் பார்த்தார். பலிக்கவில்லை. ஜூலை மாதம், நல்ல வெயில். பெட்டி போதிய அளவு குளிரவில்லை என்று ஒரு துண்டு டிரை ஐஸை உள்ளே போட்டார். அவ்வளவுதான், பெட்டி முழுக்கப் பனிப்படிகங்கள் மின்னத் தொடங்கிவிட்டன! டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரி. அதை ஒட்டிய துளிகள் மைனஸ் 38ஐத் தாண்டித் தாமாகவே உறைந்து, மற்றவற்றுக்கு உறைகருவாகிவிட்டன.

அதே ஆண்டு நவம்பர் 13 அன்று விமானத்தில் ஏறி, மாசசூசெட்ஸில் கிரேலாக் மலைப் பக்கம் ஒரு மேகத்தில் டிரை ஐஸைத் தூவினார். மேகத்திலிருந்து பனி இறங்கியது. அதே ஆய்வுக்கூடத்தில் பெர்னார்ட் வானகட், சில்வர் அயோடைடின் படிக அமைப்பு ஐஸின் அமைப்பை ஒத்திருப்பதைக் கவனித்து, அதுவும் உறைகருவாகும் என்று காட்டினார். மேக விதைப்பு என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அது இப்படித்தான் தொடங்கியது.

அக்கா

ஷேஃபர் கதையை வீட்டில் சொன்னபோது அக்கா சிரித்தாள். "அப்போ படிப்ப விட்டாலும் பெரிய ஆளா வரலாம்னு சொல்லுத" என்றாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். பத்தாம் வகுப்பில் 500க்கு 441. நான் அந்த மார்க்கைத் தொடவில்லை. ஒருவரைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்ற நிலையில், "தம்பி படிக்கட்டும்" என்று அவளே சொல்லிவிட்டு இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போய்விட்டாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு போகாது. படகு போகாவிட்டால் ஐஸ் பாருக்கு வேலை இல்லை, அப்பாவுக்கும் கூலி இல்லை. அந்த நாட்களுக்கென்று அக்கா முன்கூட்டியே சீட்டுக் கட்டிச் சேர்த்து வைத்த பணத்தில்தான் என் ஃபீஸ் கட்டப்பட்டது, மூன்று வருடமும். அவள் விரல் நுனிகளில் எப்போதும் தோல் உரிந்திருக்கும். நாள் முழுக்க ஐஸ் போட்ட இறாலில் கை வைப்பதால். அப்பா செய்கிற ஐஸ்தான் அக்காவின் கையை விறைக்க வைக்கிறது. அதில்தான் நான் படிக்கிறேன்.

ஷேஃபரைப் பற்றிப் பேசுகிறவர்கள், "பாருங்கள், படிக்காமலே சாதித்தார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் படிப்பை விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஆய்வுக்கூடம் இருந்தது. அவருடைய கைவேலையைக் கவனித்து உள்ளே கூப்பிட ஒரு லாங்மூர் இருந்தார். அக்கா படிப்பை விட்ட இடத்துக்குப் பக்கத்தில் இறால் மேசை இருந்தது. அங்கே அவளை யாரும் கூப்பிடவில்லை.

உறையாமல் மிதக்கும் துளி மட்டமான தண்ணீர் என்று நினைக்காதீர்கள். எது மிகச் சுத்தமோ அதுதான் கடைசி வரை உறையாமல் கிடக்கும். குறை துளியிடம் இல்லை. ஒரு தூசி வந்து சேரவில்லை, அவ்வளவே. "அவங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாதுப்பா" என்று நம் ஹாஸ்டலில்கூடச் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு இந்தத் துளிதான் ஞாபகத்துக்கு வரும்.

பிளஸ் டூ தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று விசாரித்து, விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். "எனக்கு எதுக்குல இனிமே?" என்றாள். ஆனால் கிழித்துப் போடவில்லை. அரிசி டின்னுக்கு மேலே மடித்து வைத்திருக்கிறாள். போன வாரம் போன் பேசும்போது, "கணக்குப்பதிவியல் கஷ்டமாலே?" என்று அவளாகவே கேட்டாள். எனக்கு அது போதும்.

ஆகவே நண்பர்களே, இந்தக் கட்டுரையின் கடைசியில் ஒரு கோரிக்கை. பிளஸ் டூ முடித்துவிட்டு இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேர்ந்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் பழைய புத்தகங்கள் இருந்தால் மன்ற அறையில் கொடுத்துவிடுங்கள். தமிழ் வழியாக இருக்க வேண்டும். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தால் ரொம்ப நல்லது. அக்கா படித்து முடித்ததும் திருப்பித் தந்துவிடுகிறேன், அடுத்தவருக்கு ஆகும்.